செல்ஃபிக்குப் பின்னால் ஒரு கோலம்: அலங்காரப் பின்னணி செய்யத் தொடங்குவோருக்கு

கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா களைகட்டிவிட்டால் சாலையோரம் முழுக்க ஃபிளெக்ஸ்தான். காளை ஒருபுறம், கூலிங் கிளாஸ் போட்ட தம்பிகள் மறுபுறம், பின்னால் பனி மூடிய ஆல்ப்ஸ் மலை. மஞ்சள் நீராட்டு விழா பேனர் என்றால் மலைக்குப் பதில் நயாகரா. தர்மபுரியில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் ஒகேனக்கல் போய்விடலாம், ஆனாலும் நயாகராதான்.

ஆல்ப்ஸ் வரக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. அந்தப் படங்கள் கண்ணை உறுத்துவதற்குக் காரணம் வேறு. முகத்தில் வெயில் இடப்பக்கம் இருந்து அடிக்கிறது, மலையில் வலப்பக்கம் இருந்து. ஆளை எடுத்தது உச்சி வெயிலில், மலையை எடுத்தது மாலை மங்கலில். காது ஓரத்தில் பழைய சுவரின் பச்சை நிறம் ஒரு கோடாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவருக்கு இதெல்லாம் பெயர் சொல்லத் தெரியாது. 'ஒட்ட வெச்சிருக்காங்க' என்று மட்டும் தெரிந்துவிடும்.

எனவே அலங்காரப் பின்னணி செய்ய வருகிறவர்களிடம் முதலில் நான் சொல்வது இதுதான்: பின்னணியைத் தேடிவிட்டு முகத்தை அதில் பொருத்தாதீர்கள். முகத்தைப் பாருங்கள், அதில் விழுந்திருக்கும் வெளிச்சத்தைப் பாருங்கள், பிறகு அதற்கேற்ற பின்னணியைச் செய்யுங்கள். மென்பொருளில் கற்க வேண்டியவை நான்கைந்து கருவிகள்தான். இந்த வரிசையை மாற்றினால் எந்தக் கருவியும் காப்பாற்றாது.

பின்னணிக்கு என்ன வேலை

ஒரு படத்தில் கண் முதலில் போவது அதிக வெளிச்சமான இடத்துக்கு, அதிகக் கூர்மையான இடத்துக்கு, அல்லது இருட்டும் வெளிச்சமும் பளிச்சென்று மோதும் இடத்துக்கு. செல்ஃபியில் அந்த இடம் கண்ணும் முகமுமாக இருக்க வேண்டும். பின்னணி எவ்வளவு அழகாக இருந்தாலும் முகத்தைவிடப் பிரகாசமாகவோ கூர்மையாகவோ இருந்தால் முகம் பின்னால் போய்விடும். கருப்பு முடிக்குப் பின்னால் கருப்புப் பின்னணி வைத்தால் தலை கரைந்துவிடும். வெள்ளைச் சட்டைக்குப் பின்னால் வெள்ளை வைத்தால் தோள்பட்டை காணாமல் போகும்.

நிறத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. மாநிறமோ கருப்போ சிவப்போ, மனிதத் தோல் எல்லாமே நிறச் சக்கரத்தில், அதாவது நிறங்களை வட்டமாக அடுக்கிய படத்தில், ஆரஞ்சுப் பகுதியில்தான் விழும். அடர்த்தி மட்டும்தான் மாறும். சக்கரத்தில் ஆரஞ்சுக்கு எதிரே இருப்பது நீலமும் நீலப்பச்சையும். அதனால்தான் மயில்கழுத்து நிறமோ அடர்பச்சையோ பின்னால் இருந்தால் நம் ஊர் முகங்கள் எடுப்பாகத் தெரிகின்றன. மாம்பழ மஞ்சள் பின்னணி வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள், ஆனால் அதை முகத்தைவிட நன்றாக மங்கலாக்கியோ அடர்த்தியாக்கியோ வைக்க வேண்டும். முகம் எடுபடவில்லை என்று தோலை வெளுக்கும் பில்டரைத் தட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. மாற்ற வேண்டியது பின்னணி, தோலை விட்டுவிடுங்கள்.

லேயர், மாஸ்க்: இரண்டு விஷயம் புரிந்தால் போதும்

லேயர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த தனித்தனிப் படங்கள். மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். மேலே காலியாக இருக்கும் இடத்தில் கீழே இருப்பது தெரியும். உங்கள் உருவம் ஒரு லேயர், அதற்குக் கீழே கோலம் ஒரு லேயர், அதற்கும் கீழே நிறம் ஒரு லேயர். எதை வேண்டுமானாலும் தனியாக நகர்த்தலாம், மங்கலாக்கலாம், தூக்கி எறியலாம், மற்றவை அப்படியே இருக்கும்.

இது இப்போது சாதாரணமாகத் தெரியும். போட்டோஷாப் 1990-இல் வெளிவந்தபோது அதில் லேயர் கிடையாது. ஒன்றின்மேல் ஒன்றை ஒட்டி, தேர்வை விடுவித்துவிட்டால் அவ்வளவுதான், இரண்டும் ஒன்றாகிவிடும். பிறகு பிரிக்க முடியாது. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் லேயர் சேர்ந்தது. ஃபோனில் இன்று சில செயலிகளில் பின்னணி மாற்றும்போது 'சேவ்' கொடுத்ததும் எல்லாம் ஒட்டிப்போய்விடுவது ஏறக்குறைய அந்தப் பழைய நிலைமைதான். எனவே எந்த மென்பொருளை எடுத்தாலும் லேயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

போட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். கட்ட மனமில்லாதவர்களுக்கு கிம்ப் இருக்கிறது. 1995-இல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கியது, இன்றுவரை இலவசம். கணினியில் எதையும் ஏற்ற முடியாது, பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் போட்டோபியா. பிரௌசரிலேயே திறக்கும், போட்டோஷாப் கோப்பையும் படிக்கும். ஃபோன் மட்டும்தான் என்றால் ஐபிஸ் பெயின்ட் செயலியில் லேயர்களும், கீழே சொல்லப்போகும் கலப்பு முறைகளும் உண்டு. மேல் லேயர் கீழ் லேயரோடு எப்படிக் கலந்து தெரிய வேண்டும் என்று சொல்வதுதான் கலப்பு முறை. கீழே நான் சொல்லும் பெயர்கள் இவற்றில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றேதான்.

அடுத்தது மாஸ்க். உங்கள் படத்தில் பழைய சுவரை அழிக்க வேண்டும். அழிப்பானை எடுத்துத் தேய்த்தால் போனது போனதுதான். மாஸ்க் போட்டால் எதுவும் அழியாது, மறைந்திருக்கும். வாசலில் கோல அச்சுத் தகட்டை வைத்து மாவைத் தூவுகிறோம் இல்லையா, ஓட்டை உள்ள இடத்தில் மட்டும் மாவு விழும், மாஸ்க்கும் அப்படித்தான். வெள்ளை அடித்த இடம் ஓட்டை, அங்கே லேயர் தெரியும். கருப்பு அடித்த இடம் தகடு, அங்கே மறையும். தகட்டில் இல்லாத ஒரு வசதி, சாம்பல் நிறம் அடித்தால் பாதி தெரியும், பாதி மறையும். முடியின் ஓரத்துக்கு அந்தச் சாம்பல்தான் உயிர்.

படம் எடுக்கும்போதே பாதி வேலை

பின்னணியை மாற்றப் போகிறோம், எங்கே நின்று எடுத்தால் என்ன என்று நினைக்க வேண்டாம். வெற்றுச் சுவருக்கு முன்னால் நில்லுங்கள், ஆனால் சுவரை ஒட்டி நிற்காதீர்கள். நான்கைந்து அடி முன்னால் வந்தால் உங்கள் நிழல் சுவரில் விழாது, சுவரின் நிறமும் உங்கள்மேல் அதிகம் படியாது. நம் வீடுகளில் சுவர் வெளிர்பச்சையாகவோ ரோஸாகவோ இருக்கும். ஒட்டி நின்றால் அந்த நிறம் கன்னத்திலும் முடி ஓரத்திலும் ஏறிக்கொள்ளும். பிறகு எங்கே வெட்டி வைத்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

வெளிச்சத்துக்கு வாசற்படிக்கு உள்ளே ஓர் அடி தள்ளி, வெளியே பார்த்து நிற்பதுதான் எளிது. வானத்தின் வெளிச்சம் மென்மையாக முகத்தில் விழும். முகத்தை லேசாக ஒரு பக்கம் திருப்பினால் ஒரு கன்னம் வெளிச்சமாகவும் மறு கன்னம் கொஞ்சம் இருட்டாகவும் வரும். அந்த வெளிச்சப் பக்கம் எது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

கையை நீட்டி எடுப்பதைவிட ஃபோனை ஜன்னல் விளிம்பிலோ பாத்திர அலமாரியிலோ கண் மட்டத்தில் சாய்த்து வைத்து, பத்து விநாடி டைமர் போட்டு, பின்பக்கக் கேமராவில் எடுங்கள். முகத்துக்கு மிக அருகே கேமரா வந்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். தள்ளி நின்று எடுத்துப் பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். 'போர்ட்ரெய்ட்' வசதியை அணைத்துவிடுங்கள். அது முடி ஓரத்தைத் தன் இஷ்டத்துக்கு மங்கலாக்கும், பிறகு நாம் வெட்டும்போது எது முடி எது சுவர் என்று தெரியாமல் போகும்.

வெட்டுவது

படத்தைத் திறந்து, உருவத்தைத் தேர்வு செய்து, லேயர் மாஸ்க் போடுங்கள். போட்டோஷாப்பில் 'செலக்ட் சப்ஜெக்ட்' என்று ஒரு சொடுக்கில் முக்கால்வாசி வேலையை அதுவே செய்துவிடும். கிம்ப்பில் 'ஃபோர்கிரவுண்ட் செலக்ட்' இருக்கிறது. உருவத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, உள்ளே தேய்த்துக் காட்டினால் போதும். போட்டோஷாப்பில் அடியில் உள்ள 'பேக்ரவுண்ட்' லேயர் பூட்டியிருக்கும்; அதை இரட்டைச் சொடுக்கு செய்து விடுவித்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் 'மாஸ்க் வரவில்லை' என்று தவிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

மீதி கால்வாசி, கையால். மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, பிரஷ்ஷை எடுத்து, கருப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றித் தீட்டுங்கள். கீபோர்டில் எக்ஸ் எழுத்தைத் தட்டினால் இரண்டும் இடம் மாறும். கிம்ப்பிலும் போட்டோஷாப்பிலும் இதே விசைதான். தோள்பட்டைக்கும் சட்டைக் காலருக்கும் ஓரம் கூரான பிரஷ். கன்னத்துக்குக் கொஞ்சம் மென்மை. முடிக்கு நல்ல மென்மையான பிரஷ், அதன் அழுத்தத்தைக் குறைத்து. பறக்கும் ஒவ்வோர் இழையையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். பின்னலிலிருந்து பிரிந்த நாலு இழை போனால் யாரும் கேட்கப் போவதில்லை. தலையைச் சுற்றிப் பிசிறு பிசிறாகச் சுவர் தெரிந்தால் எல்லோரும் கேட்பார்கள்.

அந்தப் பச்சைக் கோட்டுக்கு ஒரு வைத்தியம். உருவத்துக்கு மேலே ஒரு காலி லேயர் போட்டு, அதை உருவத்தோடு மட்டும் ஒட்டும்படி 'கிளிப்' செய்து, கலப்பு முறையை 'கலர்' என்று மாற்றுங்கள். முடியின் நடுவிலிருந்து நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் ஓரத்தில் தடவினால் பச்சை போய் முடி நிறம் வரும். வெளிச்சமும் இருட்டும் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மாறும். அதுதான் 'கலர்' முறையின் தன்மை.

வாசல் கோலத்தைப் பின்னணியாக்குவது

இனி அலங்காரம். இணையத்தில் பூவும் பட்டாம்பூச்சியும் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு வாசலிலிருந்து தொடங்கச் சொல்வேன். சாணம் தெளித்த தரையில் வெள்ளைக் கோலமாவில் போட்ட புள்ளிக் கோலம் ஒரு நல்ல பின்னணிக்கான எல்லாம் கொண்டது. தரை அடர்த்தி, கோடு வெளுப்பு, நடுவில் குழப்பம் எதுவும் இல்லை.

காலையில் வெயில் ஏறுமுன் எடுங்கள். வெயில் சாய்வாக விழுந்தால் தரையின் மேடு பள்ளமெல்லாம் தெரியும். ஃபோனைக் கோலத்தின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே பிடிக்க வேண்டும். சாய்ந்தால் வட்டம் முட்டையாகும். ஒரு ஸ்டூலில் ஏறிக்கொண்டால் நல்லது. உங்கள் நிழலும் கால்விரலும் படத்தில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மென்பொருளில் அடியில் ஒரு லேயர் முழுக்க அடர்ந்த மயில்கழுத்து நிறத்தை நிரப்புங்கள். அதன்மேல் கோலப் படம். அதன்மேல் உங்கள் உருவம். கோல லேயரின் கலப்பு முறை 'நார்மல்' என்று இருக்கும். அதை 'ஸ்கிரீன்' என்று மாற்றுங்கள். தரை ஏறக்குறைய மறைந்து, கோடுகள் மட்டும் மயில்கழுத்து நிறத்தின்மேல் மிதக்கும். யாருக்கும் முதல் தடவை பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வரும்.

எப்படி மறைந்தது? கணினிக்குப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எண்தான். முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 255. ஸ்கிரீன் முறை இரண்டு லேயர்களின் இருட்டையும் பெருக்கிக் குறைக்கிறது, அதனால் விடை எப்போதும் வெளுப்பை நோக்கியே போகும். மேல் லேயரில் 0 இருந்தால் கீழே உள்ளது அப்படியே வரும். 255 இருந்தால் கீழே எது இருந்தாலும் வெள்ளைதான். எனவே கருப்பு மறைகிறது, வெள்ளை நிற்கிறது.

ஆனால் சாணத் தரை முழுக் கருப்பு இல்லை. அது 60 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பின்னணி நிறத்தின் அளவு 40. ஸ்கிரீனில் இரண்டும் சேர்ந்தால் விடை ஏறக்குறைய 91. நாற்பதாக இருந்த அடர்நிறம் இரண்டு மடங்குக்கு மேல் வெளுத்துவிட்டது. படம் முழுக்க ஒரு பனிமூட்டம் படிந்தாற்போல் தெரிவது இதனால்தான். மருந்து எளிது. கோல லேயரில் 'லெவல்ஸ்' என்ற, இருட்டு வெளிச்ச அளவைத் திருத்தும் பெட்டியைத் திறந்து, இடது ஓரத்தில் உள்ள கருப்பு முக்கோணத்தை வலப்பக்கம் தள்ளுங்கள், தரை முழுக் கருப்பாகும்வரை. வலது ஓரத்து வெள்ளை முக்கோணத்தைச் சற்று உள்ளே இழுத்தால் கோடு பளிச்சென்று நிற்கும். சிமென்ட் ரோட்டில் போட்ட கோலம் என்றால் தரை வெளுப்பாக இருப்பதால் முக்கோணத்தை நிறையத் தள்ள வேண்டியிருக்கும், மெல்லிய கோடுகள் சிலவும் போய்விடும். சாணத் தரை உள்ள வீட்டைத் தேடிப் பிடிப்பது லாபம்.

அடுத்து கோலத்தை எங்கே வைப்பது. எல்லோரும் நடுப்புள்ளியைத் தலைக்கு நேர் பின்னால் வைப்பார்கள். வைத்துப் பாருங்கள், சாமி காலண்டரில் ஒளிவட்டத்தோடு உட்கார்ந்திருப்பீர்கள். அதுதான் ஆசை என்றால் சரி. இல்லையென்றால் கோலத்தைப் பெரிதாக்கி, நடுப்புள்ளி ஒரு தோளுக்குப் பின்னால் வரும்படி ஒதுக்கி, பாதிக் கோலம் சட்டத்துக்கு வெளியே போகட்டும். கண் மீதிக் கோலத்தைத் தானே பூர்த்தி செய்துகொள்ளும். ஒபாசிட்டியை, அதாவது லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற அளவை, முப்பது சதவீதம் அளவுக்கு இறக்குங்கள். காதுக்கும் கழுத்துக்கும் பக்கத்தில் கோடுகள் முட்டிக்கொண்டு நின்றால் கோல லேயருக்கும் ஒரு மாஸ்க் போட்டு, பெரிய மென்மையான பிரஷ்ஷில் சாம்பல் எடுத்து அந்த இடத்தில் மட்டும் மெல்லத் தட்டுங்கள். முகத்தைச் சுற்றி மங்கி, மூலைக்குப் போகப் போகத் தெளியும் கோலம். அந்த ஒன்றிலேயே படம் பாதி நிமிர்ந்துவிடும்.

கடைசியாக வெளிச்சம். உங்கள் முகத்தில் இடக்கன்னம் வெளிச்சம் என்றால், வெளிச்சம் வந்த அந்தப் பக்கத்திலிருந்து பின்னணியிலும் லேசான ஒளி பரவ வேண்டும். அடி நிறத்துக்கு மேலே ஒரு 'ரேடியல் கிரேடியன்ட்', அதாவது நடுவில் வெளுத்து ஓரம் போகப் போக வட்டமாக அடரும் நிறம் போட்டு, அதன் வெளிச்ச மையத்தை அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள். பழைய ஸ்டூடியோக்களில் ஆளுக்குப் பின்னால், திரையைப் பார்த்தபடி ஒரு விளக்கு வைத்துச் செய்த வேலை இதுதான். கிரேடியன்டில் வட்ட வட்டமாகப் படிக்கட்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம். சாதாரணப் படக்கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், பெரிய பரப்பில் அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரிந்துவிடுகின்றன. கொஞ்சம் 'நாய்ஸ்', அதாவது பொடிப் பொடிப் புள்ளிகள் தூவினால் படி மறைந்துவிடும்.

மற்றவை

ஸ்கிரீனுக்கு நேர் எதிர் 'மல்டிப்ளை'. அதில் வெள்ளை மறையும், கருப்பு நிற்கும். வெள்ளைத் தாளில் கருப்புப் பேனாவில் மாவிலைத் தோரணமோ மாங்காய்க் கொத்தோ வரைந்து, ஃபோனில் படம் எடுத்து, மல்டிப்ளை போட்டால் தாள் காணாமல் போய் வரைந்த கோடு மட்டும் பின்னணியில் பதியும். கிருஷ்ணகிரிக்காரர்கள் மாங்காயை வரையக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, கையே போடும். இதற்கு அடி நிறம் வெளிறியதாக இருக்க வேண்டும். அடர்நிறத்தில் கருப்புக் கோடு தெரியாது.

பட்டுப்புடவை பார்டரைப் பின்னணியாக்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. ஜரிகையை நேர் வெயிலில் எடுத்தால் பளபளத்து வெள்ளைத் திட்டாகிவிடும். நிழலில் விரித்து எடுங்கள். ஒரே ஒரு அன்னமோ ருத்ராட்சமோ வரும் துண்டைச் சதுரமாக வெட்டி, வரிசையாக அடுக்கினால் முழுப் பரப்பும் நிறையும். ஆனால் துண்டும் துண்டும் சேருமிடத்தில் தையல் தெரியும். அதற்கு 'ஆஃப்செட்' என்ற கருவி. படத்தின் பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்தச் சொன்னால், ஓரங்கள் எல்லாம் நடுவுக்கு வந்து ஒரு சிலுவையாகத் தெரியும். அந்தச் சிலுவையை, பக்கத்து இடத்தை நகலெடுத்துப் பூசும் 'குளோன்' கருவியால் மறைத்துவிட்டு அடுக்கினால் தையல் இருக்காது. உடுத்தியிருக்கும் புடவையின் பார்டரையே பின்னாலும் போட்டால் உடை பின்னணிக்குள் கரையும், வேறு புடவையிலிருந்து எடுங்கள்.

பாறை. நம் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. கிருஷ்ணகிரிக் கோட்டை இருக்கும் சையத் பாஷா மலையின் அடிவாரத்திலோ ராயக்கோட்டைப் பக்கமோ எந்தக் குன்றின் பாறையையும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்தை நீக்கிச் சாம்பலாக்கி, 'சாஃப்ட் லைட்' முறையில் அடி நிறத்தின்மேல் மெல்லப் போட்டால், தட்டையாக இருந்த நிறத்துக்குச் சுவரின் சொரசொரப்பு வரும். அவ்வளவுதான், இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஒகேனக்கல்லைப் பின்னால் வைப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 'அண்ணா, பின்னாடி ஒகேனக்கல் ஒண்ணு போட்டுக் குடுங்க' என்று கேட்காதவர்கள் இந்த மாவட்டத்தில் குறைவு. வைக்கலாம், ஆனால் அருவிப் படத்தை எங்கே நின்று எடுத்தீர்கள் என்று பாருங்கள். தொங்கு பாலத்தில் நின்று கீழ்நோக்கி எடுத்திருந்தால், நேர் மட்டத்தில் எடுத்த உங்கள் முகம் அதோடு ஒருநாளும் சேராது; நீங்கள் அருவிக்கு மேலே அந்தரத்தில் தொங்குவதாகத் தெரியும். பரிசலில் உட்கார்ந்தபடி, கண் மட்டத்தில், பாறைச் சுவரை நேரே பார்த்து எடுத்த படம் சேரும். இரண்டிலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அருவிப் படத்தை இடவலமாகத் திருப்பிவிடலாம், அருவி கோபித்துக்கொள்ளாது. உங்கள் முகத்தைத் திருப்பாதீர்கள். வகிடும் மூக்குத்தியும் சட்டைப் பையும் பக்கம் மாறிவிடும், வீட்டில் உடனே கண்டுபிடிப்பார்கள்.

அருவி லேயரை 'காஸியன் ப்ளர்' போட்டு மங்கலாக்குங்கள். எவ்வளவு என்றால், அருவி என்று தெரிய வேண்டும், பாறையின் வெடிப்புகளை எண்ண முடியக்கூடாது. நிஜக் கேமராவில் முகத்தின்மேல் கூர்மை வைத்தால் தூரத்தில் இருப்பது இப்படித்தான் மங்கும். கண் அதற்குப் பழகியிருக்கிறது. கோலமும் பார்டரும் இயற்கைக் காட்சி அல்ல, வடிவ அலங்காரம். அவற்றை இந்த அளவுக்கு மங்கலாக்கத் தேவையில்லை, ஒபாசிட்டியைக் குறைத்தால் போதும்.

எல்லாம் முடிந்தபின் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு நிறத் திருத்த லேயர். உருவம், பின்னணி இரண்டின்மேலும் சேர்ந்து விழும்படி லேசான மஞ்சளோ லேசான நீலமோ ஏற்றுங்கள். அதன்மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் கொஞ்சம் நாய்ஸ். இரண்டு வேறு இடங்களில் எடுத்த படங்களுக்குப் பொதுவாக ஒரு வெளிச்சமும் ஒரு புள்ளிமணியும் வந்துவிட்டால், ஒட்டு தெரிவது பெருமளவு குறையும்.

யாருடைய படம், எந்த அளவு

கூகுளில் தேடிக் கிடைத்த பின்னணி எல்லாம் இலவசம் என்று பொருள் இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தத்தின்படி ஓர் ஒளிப்படத்துக்கு, அதை எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும் அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு யாரும் தேடி வரமாட்டார்கள். கடை போர்டுக்கோ விற்பனைக்கோ என்றால் விக்கிமீடியா காமன்ஸ் மாதிரி உரிமம் தெளிவாக எழுதியிருக்கும் இடத்திலிருந்து எடுங்கள். நம் வாசல் கோலத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது, அம்மாவிடம் கேட்டால் போதும். கோயில் ஓவியங்களையும் சிற்பங்களையும் படம் எடுக்குமுன் அங்கே அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், அரசு விண்ணப்பம், தேர்வு ஹால் டிக்கெட் ஆகியவற்றுக்கு இந்த வேலை எதுவும் ஆகாது. அங்கே கேட்கும் வெற்றுப் பின்னணியில் ஒழுங்காக எடுத்த படம்தான்.

அளவை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் பிரின்ட் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1200-க்கு 1800. எட்டுக்குப் பன்னிரண்டு என்றால் 2400-க்கு 3600. சிறிதாகச் செய்துவிட்டுப் பிறகு இழுத்துப் பெரிதாக்கினால் கோலத்தின் கோடு பஞ்சாகிவிடும். ஃபிளெக்ஸ் தூரத்திலிருந்து பார்ப்பது என்பதால் அங்குலத்துக்கு அவ்வளவு புள்ளி தேவைப்படாது, கடைக்காரரிடம் என்ன அளவு வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சேமிக்கும்போது இரண்டு கோப்பு. ஒன்று லேயர்களோடு: போட்டோஷாப்பிலும் போட்டோபியாவிலும் பிஎஸ்டி, கிம்ப்பில் எக்ஸ்சிஎஃப். மற்றொன்று பிரின்ட் போடும் லேபுக்குக் கொடுக்க ஜேபெக். ஜேபெக்கில் லேயரும் இருக்காது, காலி இடமும் இருக்காது, காலியாக விட்ட இடம் வெள்ளையாக நிறைந்துவிடும். பின்னணி இல்லாமல் வெட்டிய உருவத்தை மட்டும் தனியாக வைத்துக்கொள்ள விரும்பினால் பிஎன்ஜியில் சேமியுங்கள். லேபுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதாக இருந்தால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருக்கித்தான் போய்ச் சேரும், பிறகு பிரின்டில் கோலத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாகத் தெரியும். பத்துப் படம் ஒரே நேரத்தில் போடக் கொடுக்குமுன் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். திரையில் சரியாக இருந்த அடர் மயில்கழுத்து காகிதத்தில் கருப்பாக வந்தால், அடி லேயரை மட்டும் திறந்து கொஞ்சம் வெளுத்து மறுபடி அனுப்பலாம்.